பதிமூன்றோடு அறுபதைக் கூட்டு!

தாத்தா வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் சேலம் ஜில்லா. அப்பா கட்டிய கிஸ்து ரசீதில் தர்மபுரி மாவட்டம். 1965 அக்டோபர் 2ஆம் தேதி மாவட்டம்தான் எங்களைத் தேடி வந்தது, வரப்பு அசையவில்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனிக்குடித்தனம் போனபோதும் அசையவில்லை. இந்தப் பொறுமை மதராஸ் காலாட்படையிடமிருந்து எங்களுக்குத் தொற்றியது என்பது என் கட்சி.

1792இல் எங்கள் தர்மபுரியும் அடங்கிய பாராமகால் வட்டாரம் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தது. வரி வசூலிக்க வேண்டும்; மதராஸ் சிவில் துரைமாருக்கோ ஊர்ப் பாஷை வராது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு பட்டாளத்துக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார். உதவிக்கு வந்த மூவரும் பட்டாளத்தார்தான். அவர்களில் தாமஸ் மன்றோ, 1780இல் காலாட்படைக் கேடட்டாகக் கப்பலிறங்கியவர். தர்மபுரியில் வீடு, ஆசையாசையாய் ஒரு தோட்டம். கத்தி பிடித்த கை சங்கிலி பிடித்துப் புஞ்சை அளந்தது. சிப்பாய்த் துரையே வந்து அளந்தால் எந்தக் குடியானவன் ‘அந்த மூலை பூராவும் பாறை சாமி’ என்று வாதாடுவான்? வாதாடியிருப்பான். இல்லாவிட்டால் மன்றோ ஏன் ஏழு வருஷம் இங்கேயே இருக்கிறார்? குடியானவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இப்படித்தான் ஊறி முளைத்தது.

அவர் இங்கே வயலை அளக்க, அங்கே மதராஸ் காலாட்படையைக் கலைத்து அடுக்கினார்கள். 1796இல் இரண்டிரண்டு பட்டாளத்துக்குக் கால்கட்டுப் போட்டு ஒரே ரெஜிமெண்ட். 1824இல் விவாகரத்து, எல்லாருக்கும் புது எண். அப்போது மதராஸ் கவர்னர் யார்? நம்ம மன்றோவேதான்.

பிறகு இந்தியப் படைத் தலைமைத் தளபதியாகக் கிச்சனர் பிரபு வந்தார். 1903இல் மதராஸ் எண்களோடு அறுபதைக் கூட்டு என்றார். இரவு 13ஆகப் படுத்த படை காலையில் 73ஆக எழுந்தது. சம்பளத்தில் இப்படி ஒரு கூட்டல் நடந்திருந்தால் ஊரே பட்டாளத்தில் சேர்ந்திருக்கும். 1922இல் அதே 73, மூன்றாவது மதராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம்! கணக்கு வாத்தியாருக்கே தலை சுற்றும்.

கிச்சனருக்கு முன்பே ராபர்ட்ஸ் பிரபு மதராஸிக்குச் சண்டை வராது என்று முடிவு கட்டியிருந்தார். மதராஸ் படைத் தளபதியாக இருந்து, நம் சோற்றைத் தின்றுவிட்டுச் சொன்ன தீர்ப்பு. 1928க்குள் ரெஜிமெண்டையே கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் போதாதபோது அந்தத் தீர்ப்பு யாருக்கும் ஞாபகமில்லை, மறுபடி திரட்டினார்கள்.

இன்று அதன் தலைமையிடம் நீலகிரி வெலிங்டனில். 1969இல் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று, 1996இல் பட்டணம் சென்னை ஆயிற்று. எண் இஷ்டத்துக்கு மாறிய படையின் பெயரில் மட்டும் அப்போது யாரும் கைவைக்கவில்லை: இன்னும் மதராஸ் ரெஜிமெண்ட்தான்.