அரை மாத்திரை அண்ணாச்சி

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் தினமும் ஓர் அறுவை சிகிச்சை நடக்கும். இடம், அண்ணாச்சி வீட்டுச் சமையல்கட்டுத் திண்டு. கருவி, சவரம் செய்து ஓய்ந்துபோன பிளேடு. அறுபடுவது, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளை மாத்திரை. அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டில் பிளேடை வைத்து அழுத்துவார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு பாதி அவர் விரலுக்கு அடியில் இருக்கும். மறுபாதி ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிருக்கும்.

"போவட்டும். அது நாளைக்குள்ளது," என்பார், ஏதோ வங்கியில் போட்டு வைத்ததுபோல.

டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு முழு மாத்திரை. அம்லோடிப்பின், 5 மில்லிகிராம், தினமும் ஒன்று. அதைப் பாதியாக்கியது அண்ணாச்சியின் சொந்த உத்தரவு. கூட்டுறவு வங்கியில் முப்பத்துநாலு வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். யார் எந்தத் தொகையைக் கேட்டாலும் பாதியைக் கொடுத்துப் பார்ப்பது அங்கேயே படிந்த பழக்கம். "டாக்டர் எழுதுறது ஊருக்குப் பொதுவா எழுதுறது வே. நம்ம உடம்புக்கு நாமதான கணக்கு பாக்கணும்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நம் முகத்தையும் பார்ப்பார், நாம் எத்தனை மில்லிகிராம் என்று கணிப்பதுபோல.

பாளையங்கோட்டையில் இப்படி ஒரே ஓர் அண்ணாச்சிதான் இருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவுக்கு ஒருவர் உண்டு. உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் இருக்கலாம். நான் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்கிறேன்.

இந்த வியாதிக்கு நம் முன்னோர் வைத்த பெயர்தான் எல்லா வம்புக்கும் காரணம் என்பது என் சந்தேகம். 'ரத்தக் கொதிப்பு' என்றார்கள். கொதிப்பு என்றால் அண்ணாச்சிக்குத் தெரியும். அடுப்பில் சோறு கொதிக்கும், கோபத்தில் மனுஷன் கொதிப்பான். அப்படியானால் கொதிக்காத நாளில் மாத்திரை எதற்கு? இந்தத் தர்க்கத்தின்படி ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மனசு அமைதி, மாத்திரை கிடையாது. வீட்டு வரி ரசீது வந்த அன்று அரை. தம்பியோடு நடக்கும் பாகப்பிரிவினை வழக்குக்கு வாய்தா இருந்தால் முழுசு. மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்தால், வந்து இறங்குவதற்கு முன்னாலேயே முழுசு.

விழுங்கி அரை மணி நேரத்தில் கோபம் தணிந்துவிடும். "பாத்தீரா வே, எப்படிக் கேக்குன்னு!" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வார். நான் ஒருநாள் மெல்லச் சொன்னேன். அந்த மாத்திரை ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறவே ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும் அண்ணாச்சி, உடம்பை விட்டுப் பாதி இறங்குவதற்கே ஒன்றரை நாள் பிடிக்கும், தினமும் போட்டால் ஒரு வாரம் கழித்துத்தான் நிலைக்கு வரும், தேர் மாதிரி அது, வடம் பிடித்ததும் ஓடாது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப அரை மணி நேரத்துல எது வே கேட்டுச்சு?" என்றார். மாப்பிள்ளை அதற்குள் எழுந்து கடைக்குப் போயிருந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வியாதியின் குணமே கொதிக்காமல் இருப்பதுதான். பெரும்பாலானவர்களுக்குத் தலைவலி வராது, மயக்கம் வராது, ஒன்றும் வராது. சத்தம் போடாமல் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போய்க் கணக்குத் தீர்த்துவிட்டு வரும். அண்ணாச்சியோ 'தெரியும்' என்பார். பிடரியில் ஒரு மாதிரி பிடித்தால் ஏறியிருக்கிறது, உள்ளங்கால் குளிர்ந்தால் இறங்கியிருக்கிறது. அவர் பிடரியும் கருவியும் ஒத்துப்போன நாளை நான் இதுவரை பார்க்கவில்லை.

கருவி என்றதும் ஞாபகம் வருகிறது. துபாயில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய டிஜிட்டல் மிஷின் ஒன்று வீட்டில் உண்டு. சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது என்று அதனோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்து, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பால்காரரிடம் தண்ணீர் கலந்த விவகாரத்தைப் பேசிக்கொண்டே பட்டனை அமுக்குவார். 168 காட்டும். பதறுவார். பதறியதில் 174. மிஷினைத் தட்டுவார். 161. இப்படி ஆறேழு தடவை அமுக்கி, களைத்துப்போய் நாற்காலியில் சாயும்போது 138 காட்டும். "இதுதான் வே கரெக்டு. முன்னால உள்ளதெல்லாம் மிஷினு சூடாகுறதுக்கு," என்று சொல்லி, நோட்டில் 130 என்று எழுதிக்கொள்வார். எட்டு எங்கே போயிற்று என்று கேட்டால், "ரவுண்டு பண்ணியிருக்கேன்."

ஸ்டீபன் ஹேல்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இருந்தார். ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் அவர்தான். அளந்தது குதிரைக்கு. ரத்தக்குழாயில் நீளமான கண்ணாடிக் குழாயைச் சேர்த்துப் பார்த்தார், ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது என்று 1733இல் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குதிரையைக் கட்டிப் போட்டுத்தான் அளந்தார். அண்ணாச்சியை ஐந்து நிமிஷம் கட்டிப்போட மதினியால் நாற்பது வருஷமாக முடியவில்லை.

சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் அண்ணாச்சியின் சபை கூடும். நடப்பதற்காக வருகிறார்கள் என்று வீட்டில் நம்புகிறார்கள். ஒரு சுற்று நடந்து, மீதி நேரம் உட்கார்ந்து மாத்திரை பேசுவார்கள். அங்கே ஒரு மனிதனின் அந்தஸ்து அவன் அட்டையில் இருக்கிறது. "நீரு என்ன பவரு?" என்று ஒருவர் கேட்பார். "நாப்பது." "நாப்பதா! நான் எண்பதுல்லா!" இரண்டும் டெல்மிசார்ட்டான்தான், மில்லிகிராம்தான் வேறு. ஆனால் எண்பதுக்காரர் சொல்லும்போது தோள் கொஞ்சம் நிமிரும். பெயருக்குப் பின்னால் ஏஎம், எச் என்று எழுத்துகள் சேர்ந்துகொண்டால் எம்.ஏ., பி.எட். மாதிரி இன்னும் மதிப்பு. ஏஎம் என்றால் அம்லோடிப்பின் சேர்ந்தது. எச் என்றால் சிறுநீரைப் பிரிக்கும் மருந்து சேர்ந்தது. எச் வாங்கியவரை உடனே கண்டுபிடித்துவிடலாம். மைதானத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பவர் அவர்.

சபையில் மருந்து மாற்றிக்கொள்வதும் உண்டு. "எனக்கு நல்லாக் கேட்டுது, நீரும் போட்டுப் பாரும்" என்று மடித்த காகிதத்தில் நாலு மாத்திரை கைமாறும், கோயில் விபூதி மாதிரி. அண்ணாச்சிக்கு இப்படிக் கிடைத்தது எனலாப்ரில். போட்ட பத்தாம் நாள் இருமல் பிடித்தது. வறட்டு இருமல், ராத்திரியெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கும் தூக்கமில்லை. மிளகுக் கஷாயம், சுக்கு, பனங்கற்கண்டு, ஆடாதோடை எல்லாம் ஆயிற்று. எக்ஸ்ரே எடுத்தார், சளிப் பரிசோதனை செய்தார். கடைசியில் டாக்டர் கேட்டார்: புதுசாக என்ன மாத்திரை போடுகிறீர்கள்? அண்ணாச்சி மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். அந்த வகை மாத்திரைகளுக்குச் சிலரிடம் இருமலைக் கொண்டுவரும் குணம் உண்டு. நிறுத்தியதும் சில வாரத்தில் இருமல் போய்விட்டது.

அந்த வகை மருந்துக்கு மூலமே பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம்தான் என்று அண்ணாச்சியிடம் நான் சொன்னது பெரிய தப்பு. அந்த விஷத்தை ஆராய்ந்து போனதில் பிறந்ததுதான் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காப்டோப்ரில். எனலாப்ரில் அதன் தம்பி. அதோடு விட்டேனா? நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் இந்த வியாதிக்குக் கேட்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் வெள்ளைக்காரர்களின் மருத்துவ இதழிலேயே எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அங்கே பாம்பு, இங்கே பெயரில் பாம்பு. அண்ணாச்சி ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். "நெல்லையப்பருக்கே கழுத்துலதான் வே. நமக்கு வயித்துக்குள்ள!" மாத்திரையில் இப்போது விஷம் எதுவும் கிடையாது, ஆலையில் செய்வது என்று நான் சொன்ன பாதியை மட்டும் ஃபிரிட்ஜுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதினி என்னைச் சும்மா விடமாட்டார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அண்ணாச்சி உப்பை விட்டுவிட்டார். ரசத்தில் உப்பு இல்லை, கூட்டில் இல்லை, சோற்றில் இல்லை. அந்தச் சப்பைச் சாப்பாடு இறங்க வேண்டாமா? அதற்காக நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு, மோர் மிளகாய் நாலு, அப்பளம் மூன்று, கூழ் வத்தல் ஒரு கை. "அதுலல்லாம் உப்பு இருக்கே அண்ணாச்சி?" "அது ஊறுகாயோட உப்பு வே. நாம போடலையே!" பிறகு யாரோ இந்துப்பு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கி, விலை கூடுதல் ஆயிற்றே என்று இரண்டு மடங்கு போட்டுச் சாப்பிட்டார். இந்துப்பும் உப்புத்தான். ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தூத்துக்குடிக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம்.

எதிர்ச் சாரியில் பீடி சுற்றும் ஆச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் இதே வியாதி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி ஒரு பெண் வந்து அளந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆச்சிக்கு மாத்திரையின் பெயர் தெரியாது, பவர் தெரியாது. "காலையில காப்பி குடிச்சதும் ஒண்ணு போடச் சொன்னா அந்தப் பிள்ள. போடுதேன்," என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு கொள்கையும் இல்லை. போன மாசம் 128. ரவுண்டு பண்ணாத 128. அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, "படிக்காத ஒடம்பு. சொன்னதக் கேக்கு," என்றார்.

"ஒரு தடவ ஆரம்பிச்சா விடவே முடியாதாம்லா, அதான் பாதியோட நிறுத்திருக்கேன்" என்பது அவருடைய கடைசி அரண். மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான் அண்ணாச்சி, முப்பது வருஷமாக விடவில்லையே, அதில் ஒரு கண்ணுக்கு மட்டுமா கண்ணாடி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கழற்றித் துடைத்துக்கொண்டார். பதில் இல்லை.

டாக்டரைப் பார்க்கப் போகும் சமயத்தில் மட்டும் அண்ணாச்சி வேறு ஆள். பத்து நாள் முன்னதாகவே முழு மாத்திரை, தவறாமல். ஆடிட் வருகிறது அல்லவா? டாக்டர் அளந்து பார்த்து, நல்லா இருக்கு, இதையே தொடருங்க என்பார். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "நல்லா இருக்காம். பெறகு எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார். வீடு ஒழுகவில்லை என்று ஓட்டைப் பிரிப்பது இதுதான்.

சென்ற வைகாசியில் பேரனுக்குக் காதுகுத்து. அலைச்சலில் ஐந்து நாள் மாத்திரை விட்டுப்போயிற்று. ஆறாம் நாள் ராத்திரி கணக்கர் விழித்துக்கொண்டார். ஐந்து நாள் பாக்கி, ஐந்து பாதி, ஆக இரண்டரை மாத்திரை. ஒரே மூச்சில் வசூல் செய்து நேர்செய்துவிட்டார். விட்ட வேளைக்கும் சேர்த்து விழுங்கவே கூடாது என்று எந்த மருந்துக் கடைப் பையனும் சொல்வான். மறுநாள் காலைப் பந்தியில் கேசரி முடிந்து எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே இலையில் உட்கார்ந்தார்.

டாக்டர் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒழுங்காப் போடுதேன்."

"தினமும்?"

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். மதினி வாயைத் திறந்தார். இருபது நிமிஷம் மூடவில்லை. மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் அவர்தான் சாட்சி.

டாக்டர் நல்ல மனுஷன். திட்டிவிட்டு, இரண்டு மருந்து ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம்; இரண்டு அடுக்கு. "இதை வெட்டக் கூடாது," என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி வாக்குத் தவறாதவர். குறுக்கே வெட்டவில்லை. பிளேடைப் படுக்க வைத்து அடுக்கைப் பிரிக்கப் பார்த்தார். "இன்னைக்கு வெள்ள, நாளைக்கு நீலம்," என்று திட்டம்.

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்க ஃபிரிட்ஜை நகர்த்தினோம். நானும் ஒரு கை பிடித்தேன். ஒட்டடைக்கும் காய்ந்த கறிவேப்பிலைக்கும் நடுவில் பாதி மாத்திரைகள் கிடந்தன. மதினி ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டு எண்ணினார். பதினைந்து பாதி. கூட்டினால் ஏழரை.

அண்ணாச்சி ஒன்றை எடுத்து ஊதித் தூசி தட்டினார். "ஏளா, பழைய அட்டையத் தேடு. எக்ஸ்பைரி ஆகலைன்னா வீணாக்க வேண்டாம்," என்றார். அட்டை அகப்பட்டது. தேதி அச்சடித்திருந்த ஓரத்தைத்தான் அண்ணாச்சி முதல் நாளே வெட்டி எறிந்திருந்தார்.