மெட்டு இரவல், கோபம் சொந்தம்

கேள்வி: லண்டனில் ஒரு பங்க் ராக் பாட்டு ராணியையே வம்புக்கு இழுத்து, பிபிசியில் தடை வாங்கியதாமே! நம்ம ஊரில் அப்படிப் பாட ஆள் உண்டா?
- பனியன் கம்பெனி வாசகர், திருப்பூர்

பதில்: அது 1977, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு. நம்ம பக்கம் 2015இல் சோபியா அஷ்ரஃப். நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவை ராப் பாடிக் கிழித்தார். 2001இல் மூடிய ஆலை அது. தொழிலாளர்களின் நெடுநாள் போராட்டத்தோடு பாட்டும் சேர, 2016இல் ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. 2018இல் அடுத்த பாட்டு, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்ததால் பாதரசம் கச்சேரிக்காரர்கள் காதிலும் ஏறியது!

சாயக்கழிவுக்காக 2011இல் உயர் நீதிமன்றமே பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் உங்களுடையது. அந்தச் சாயம் கலந்த நொய்யல் ஆற்றுக்கும் ஒன்று பாடுங்களேன். மெட்டை யாரிடமும் கடன் வாங்கலாம். கோபம் மட்டும் சொந்தச் சரக்காக இருக்கட்டும்.