நூல்கட்டைத் தாங்கி: உடுப்பிட்டி மரபு பற்றிய ஓர் ஆய்வு

பிரித்தானியக் கவச வாகனங்களின் சிறு மாதிரிகளைச் செய்வோர் இரு வகையினர். கடைப் பெட்டியைப் பிரித்துப் பிளாஸ்ரிக் துண்டுகளைப் பசை பூசி ஒட்டுவோர் ஒரு வகை. அம்மம்மாவின் தையல் மெசின் லாச்சியைச் சத்தமின்றி இழுத்து, நூல் முடியாத கட்டையை முடிந்த கட்டையாக்கி எடுத்துக்கொண்டு ஓடுவோர் மற்றையவர். முதல் வகையினருக்குச் சஞ்சிகைகள் உண்டு, போட்டிகள் உண்டு. இரண்டாம் வகையினரின் தலைமைப்பீடம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள உடுப்பிட்டியே என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். அயலூர்க் கரவெட்டியார் இதை மறுக்கக்கூடும். அவர்கள் தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.

முதலில் செய்முறை. மர நூல்கட்டையின் இரு விளிம்புகளிலும் பேனாக்கத்தியால் பல்லுப் பல்லாக வெட்ட வேண்டும். நடுத்துளையால் றப்பர் வளையத்தை இழுத்து, ஒரு பக்கத்தில் முறித்த நெருப்புக்குச்சியில் மாட்டி, குச்சி சுழலாதபடி சின்ன ஆணி ஒன்றால் மறிக்க வேண்டும். மறுபக்கத்தில் மெழுகுதிரித் துண்டு. திரி இருந்த துளையைப் பெருப்பித்து, றப்பரை அதனூடாக எடுத்து, ஈர்க்கின் தடித்த அடித்துண்டைக் கோர்க்க வேண்டும். ஈர்க்கைச் சுழற்றி முறுக்கேற்றி நிலத்தில் விட்டால், தாங்கி மெல்ல ஊர்ந்து போகும். இதில் மெழுகைத் தவிர்க்க நினைப்பவர் பொறியியல் அறியாதவர். மெழுகு இல்லாவிட்டால் ஈர்க்கு மரத்தோடு இறுகி நிற்கும், அல்லது முறுக்கு முழுவதும் ஒரே துள்ளலில் கழன்றுவிடும்.

அடுத்தது அளவுத்திட்டம். யப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜேர்மன் பாந்தர் தாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பற்றறிகளும் அடங்கவேண்டும் என்பதற்காகவே உடலின் பருமனைத் தீர்மானித்தது. பிறகு கணக்குப் பார்த்தால் 1/35 வந்தது. உலகெங்கும் தாங்கி மாதிரிகளுக்கு இன்றைக்கும் அதுவே பேரளவில் வழக்கிலிருக்கும் அளவு. ஆக, தமியாவின் ஊராகிய சிசுவோகாவில் அளவைத் தீர்மானித்தது பீரங்கியல்ல, பற்றறி.

உடுப்பிட்டியில் அந்த வழிக்கு இடமில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றறி யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாத பொருள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிய ஊரில், விளையாட்டுத் தாங்கிக்குப் பற்றறி கேட்ட பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடியதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ஆகவே அளவைத் தீர்மானித்தது நூல்கட்டை. கொவென்றியில் டைம்லர் நிறுவனம் செய்து இலங்கை இராணுவமும் பாவித்த ஃபெரெற் கவச வாகனத்தின் அகலம் 1.91 மீற்றர். கிடையாகக் கிடக்கும் நூல்கட்டையின் அகலம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். வகுத்துப் பாருங்கள்: 1/48. இது சர்வதேச மாதிரிக்காரர் ஏற்றுக்கொண்ட அளவுகளில் ஒன்று! இது தற்செயல் என்பாருக்கு எமது பதில், 1/35உம் தற்செயலே.

ஃபெரெற்றை நேரிலேயே அளந்திருக்கலாமே என்று கேட்கலாம். அசல் கவச வாகனங்கள் வடமராட்சிக்கு வராமல் இல்லை. அவை வந்த வேளைகளில் அளவு நாடாவோடு ஒழுங்கைக்குப் போக ஆளில்லை. ஆய்வாளர்கள் அனைவரும் பங்கருக்குள் இருந்தார்கள். அங்கிருந்து ஒலியைக் கொண்டு வகை பிரிக்கும் முறையை வளர்த்தார்கள்: இது சங்கிலி, இது ரயர், இது பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர். அம்முறையின் துல்லியத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் எட்டவில்லை.

இந்தத் தாங்கி பிரித்தானியத் தாங்கிதானா என்பதே பெரிய கேள்வி. எமது முடிவு: தமியா விற்கும் சீஃப்ரன் தாங்கி மாதிரியைவிட இது பிரித்தானியத் தன்மை கூடியது. கட்டையில் ஒட்டியிருந்த வட்டக் கடதாசியை உரிக்காமல் பார்த்தால், ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து ஜே. அன்ட் பி. கோற்ஸ் பெயர் இருக்கும். அது சுழன்ற சிங்கர் மெசினும் அதே நாட்டுக் கிளைட்பாங்கில் வார்க்கப்பட்டதாக இருக்கலாம். இயந்திரமாகிய றப்பரின் பூர்வீகமும் அவ்வழியே: பிறேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் நாற்றுகளாக இலங்கையின் ஹெனரத்கொடவுக்கு வந்தன. ஈர்க்கு மட்டும் சுதேசி.

அந்த ஈர்க்கே வகையையும் தீர்மானிக்கிறது. 1916 செப்ரெம்பர் 15இல் பிரான்சின் ஃபிளேர்ஸ் அருகே முதன்முதலாகப் போருக்கு இறங்கிய பிரித்தானிய மார்க் 1 தாங்கிக்குப் பின்னால் இரு சில்லு வைத்த வால் ஒன்று இருந்தது. திருப்புவதற்கென வைத்தார்கள். அதனால் பயன் குறைவெனக் கண்டு அடுத்த வகைகளில் கழற்றிவிட்டார்கள். உடுப்பிட்டித் தாங்கியில் வாலைக் கழற்றினால் கட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே இது மார்க் 1 மரபு. அகலம் ஃபெரெற், வால் மார்க் 1 என்று முரண்பாடு காட்டுவோர் இரண்டையும் தனித்தனியே படித்தால் போதும்.

கைக்கு வந்ததைக் கவசமாக்கும் கோட்பாடும் உடுப்பிட்டிக்கு மட்டும் உரியதல்ல. 1915இல் 'லிற்றில் வில்லி' என்ற முதல் தாங்கி முன்மாதிரியைச் செய்த லிங்கன் நகரத்து வில்லியம் ஃபொஸ்ரர் நிறுவனம் கமத்தொழில் இயந்திரம் செய்தது. 1991 யூலையில் ஆனையிறவுச் சமருக்கு விடுதலைப் புலிகள் கொண்டுபோனது தகடு போர்த்திய புல்டோசர். அது இன்றும் அங்கே வீதியோரம் நிற்கிறது, 1/1 அளவில்.

பரிசோதனைக் களமாகப் பங்கர் வெட்டிய மண்மேடு பயன்பட்டது. பல் ஆழமாக வெட்டிய தாங்கி ஏறும், வெட்டாதது வழுக்கும். சாய்வு கூடினால் எல்லாமே மல்லாந்து விழும். ஒரேயொரு குறை. செஞ்சூரியன் வகையிலிருந்து பிரித்தானியத் தாங்கிகளுக்குள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தில் உண்டு. நூல்கட்டையில் அதற்கு வழியில்லை. பிளேன்ரீயைக் குசினியிலிருந்துதான் எடுக்க வேண்டும், பனங்கட்டியோடு.

மர நூல்கட்டை இப்போது அரிது. பழைய லாச்சிகளில் கிடந்தால் தயவுசெய்து அடுப்புக்குள் போடாதீர்கள். பேரப்பிள்ளையிடம் கொடுங்கள், பேனாக்கத்தியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் கட்டையில் பல் வெட்ட வராது. அதை இம்மரபு ஏற்காது.