கஞ்சன் எந்த நிலையத்தில் மொழி மாறுகிறான்?

பிறர் குணத்தைப் பழிக்கும் கண்டோனீஸ் சொற்களைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் கற்கும் முறை இன்னும் ஆராயப்படவில்லை. இதற்கும் நிதி கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாததே காரணம். குணத்தை நிர்ணயிப்பது ரயில் தடமே என்பது இக்கட்டுரையின் துணிபு. பிடிவாதக்காரன் ‘ஙாங் கெங்’, அதாவது கெட்டிக் கழுத்து. அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த ங-வுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. கவனமில்லாதவன் ‘தாய் தாவ் ஹா’, பெரிய தலை இறால். அவ்வளவுதான்.

ஆய்வுக்குத் தகுந்தது கஞ்சத்தனம் ஒன்றே. கோலாலம்பூர்ச் சீனர் பேச்சில் கண்டோனீஸ் ஓங்கும்; கிள்ளானில் ஹொக்கியன். ஆகவே அதே கஞ்சன் இங்கே ‘கூ ஹோன்’, அங்கே ‘கியாம் சியாப்’. முன்னதில் தனிமையும் குளிரும், பின்னதில் உப்பும் துவர்ப்பும். கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் ஏறுபவன் குளிரிலிருந்து உப்புக்கு எங்கே மாறுகிறான்? சுபாங் ஜெயா என்பது ஒரு சாரார் கொள்கை (ஆதாரம்: நடைமேடை, இரண்டாம் பெஞ்சு, பேனாக் கிறுக்கல்). பத்து தீகா என்பது மறுப்பு (மேற்படி பெஞ்சு, அடிப்பக்கம், சூயிங்கம் நீக்கிய பதிப்பு). ஷா ஆலமில் அவன் மலாயில் ‘கெடெகுட்’ ஆகிவிடுவதால், நடுவே சீனப் பெயரே இல்லாத சில நிமிடங்கள் அவனுக்கு வாய்க்கின்றன என்பதே நம் முடிவு (காண்க: இன்னும் எழுதப்படாத நூல், நான்காம் பாகம், அச்சகத்தார் தொலைத்த பின்னிணைப்பு, எலி விட்டுவைத்த அடிக்குறிப்பு).

உப்பு, போர்ட் கிள்ளான் கடற்காற்றின் கொடை. கோலாலம்பூரில் குளிர் ஏது என்று கேட்பவர் கொமுட்டரின் ஏர்கானுக்கு அடியில் உட்கார்ந்ததில்லை. துவர்ப்புக்கு விளக்கம் இல்லை. ஆகவே அது அடுத்த கட்டுரைக்கு. கண்டோனீஸுக்கு ஆறு தொனிகள் இருக்க, தமிழர் எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொன்னால் புரியுமா என்பது அடுத்த ஆட்சேபம். அந்தத் தொனி திட்டும் தொனி. புரியாமல் போனதாக இதுவரை புகார் இல்லை. ‘கூ ஹோன்’ நம் ‘கூன்’தான், கொடுப்பதற்குக் குனியாதவனை எதிர்மறையாகக் குறித்தது என்று நிறுவ ஓர் அறிஞர் எப்படியும் கிளம்புவார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்திய ஊர், அவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக்காவது சொல்லலாம். பில் வரும்போது அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால், முதல்நிலைத் தரவு மேசையிலேயே கிடைத்துவிடும்.