ஊதாக் களிம்பு காய்ச்சும் உத்தமனுக்கு

வாடா பேராண்டி, உக்காரு. தீப்புண்ணுக்குச் சீனக் களிம்பு காய்ச்சப் போறியாமே, உங்க ஆத்தா சொன்னா. ரொம்பச் சந்தோசம். போன மாசம் தோசைக்கல்லுல கையை வச்சுட்டு, கொப்புளத்து மேல பேஸ்ட்டை அப்பிக்கிட்டு வந்தவன் நீதானே? உனக்கு வைத்தியத்துல அனுபவம் இல்லைன்னு எவன் சொல்லுவான்?

வெக்கப்படாதே. சீனாவுலயும் உன் சாதிக்காரன் இருக்கான். அவனும் பேஸ்ட் பூசுவான், போதாக்குறைக்கு சோயா சாஸையும் ஊத்துவான். அதனாலதான் அங்க டாக்டருங்க அஞ்சே வார்த்தையில பாடம் எடுக்குறாங்க: ஓடுற தண்ணியில காட்டு, துணியைப் பதமா அவுரு, தண்ணியில ஊறவை, சுத்தமான துணியால மூடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அஞ்சுலயும் தேடிப் பாரு, களிம்புங்கிற பேச்சே கிடையாது.

பினாங்குல சூலியா தெருப் பக்கம் நான் ரொட்டிக்கல்லுல நின்ன காலத்துல, எதுத்தாப்புல ஒரு சீன மருந்துக்கடை. கடைக்காரத் தவுக்கே பேசமாட்டார். நான் கையைச் சுட்டுக்கிட்டு ஓடினா, மொதல்ல குழாயைத்தான் திறந்துவிடுவார். மருந்து டப்பா பக்கம் திரும்பவே மாட்டார். எனக்கு ஆத்திரமா வரும். கொப்புளம் உடையாம, சூடெல்லாம் அடங்கினப்புறம்தான், அதுவும் சின்னக் காயமா இருந்தாத்தான், அந்த ஊதாக் களிம்பு.

அதோட கதையைக் கேளு. 1617ல, மிங் ராசாக்கள் காலத்துல, சென் ஷிகோங்னு ஒரு ரணவைத்தியர் பெரிய புத்தகம் எழுதினார். அதுல தோலுக்கு ஈரப்பசை குடுக்கிற களிம்புன்னு ஒண்ணு. எதுக்குத் தெரியுமா? தலையில வெள்ளையா உதிருதே செதில், அதுக்கு! நல்லெண்ணெய் நாலு லியாங், தாங்குவெய் வேர் அஞ்சு சியென், ஊதா வேர் ஒரே ஒரு சியென், தேன்மெழுகு அஞ்சு சியென். பத்து சியென் சேந்தா ஒரு லியாங். அப்புறம் ஜப்பான்ல ஹனாவோகா செய்ஷூ வந்தார். 1804ல மயக்க மருந்து குடுத்து மார்புப் புத்துக்கட்டியை அறுத்தெடுத்தாரே, அதே ஆள்தான். அவர் இதுல கொஞ்சம் பன்னிக் கொழுப்பைச் சேத்து, புண்ணுக்கும் சுட்ட காயத்துக்கும் திருப்பிவிட்டார். 'ஊதா மேகக் களிம்பு'ன்னு பேரும் வந்துச்சு. இப்ப சீனக் கடையிலயும் அதே பேருதான். பொடுகுக்குப் பொறந்தது தீப்புண்ணுக்கு வாக்கப்பட்டுப் போச்சு.

சரி, அடுப்பைப் பத்த வை. இப்பக் காய்ச்சுறவங்க கணக்கு இது: நல்லெண்ணெய் 1000 கிராம், தாங்குவெய் 100, ஊதா வேர் 100, மெழுகு 300லேர்ந்து 400, பன்னிக் கொழுப்பு 25. நம்ம ஊர்ல தேங்காயெண்ணெயைச் சிவக்க வைக்க வேம்பாளம்பட்டை போடுவாங்கள்ல, 'நிறம் ஒண்ணுதானே தாத்தா'ன்னு அதைத் தூக்கிட்டு வந்துராதே. நிறம் ஒண்ணா இருந்தா சரக்கு ஒண்ணாயிருமா? உனக்கும் உங்க மாமனுக்கும் ஒரே நிறம்தான்.

வேர் சுக்கா காஞ்சிருக்கணும். ஈரத்தோட போட்டேன்னா எண்ணெய் உன் மூஞ்சிக்குத் தெறிக்கும். தீப்புண் மருந்தைச் சோதிச்சுப் பாக்க ஆள் தேடி அலைய வேண்டாம், அந்த ஒரு லாபம் உண்டு.

எண்ணெய் காஞ்சதும் மெழுகும் கொழுப்பும் கரையட்டும். தாங்குவெயைப் போட்டு, ஓரம் கருகுற வரைக்கும் பொறு, அப்புறம் அதை அரிச்செடுத்துரு. கடைசியிலதான் ஊதா வேர். அந்த இடத்துலதான் தவுக்கே பக்கத்துல யாரையும் விடமாட்டார். வேர் விழுந்ததும் ஒரு நுரை பொங்கும் பாரு, மொதல்ல ரோசா நிறம், அப்புறம் நாவப்பழச் சாறு. மூக்கைக் கிட்ட வச்சா எள்ளு வாசமும் பச்சை வேர் வாசமும் கலந்து வரும். 140 டிகிரிக்கு மேல ஏறவிடக் கூடாது. அந்த வேர்ல ஷிகோனின்னு ஒரு சாயம் இருக்கு, களிம்போட நிறமே அதுதான், சூடு மிஞ்சினா அது செத்துப்போகும். நிறம் இறங்கினதும் பருத்தித் துணியில வடிகட்டி, ஆறுற வரைக்கும் கிண்டு. 'இதுக்கா இவ்வளவு நேரம்'னு போனைக் கையில எடுத்தியோ, மெழுகு திரிதிரியா நிக்கும். வெயில் காலத்துல மெழுகு கொஞ்சம் கூட, குளிருல குறைச்சல். துணியில பட்டா சாயம் போகாது, வெள்ளை வேட்டியோட நிக்காதே.

நான் ஒருநாள் தவுக்கே வெளிய போன நேரம் அடுப்புல கரியை அள்ளிப் போட்டுட்டேன். 'சீக்கிரம் முடிஞ்சிரும்ல'ன்னு நெனைப்பு. முடிஞ்சுதான் போச்சு, சட்டி பூரா மண்ணு நிறம். திரும்பி வந்தவர் திட்டவே இல்லை. ஒரு விரல் எடுத்து முகர்ந்தார். நேராப் போய்க் கடைக் கதவுக் கீலுல பூசிட்டு வந்து உக்காந்துட்டார்.

விக்கப் போறேங்கிறியே, அதுக்கு ஒண்ணு சொல்றேன். வீட்டுச் சட்டியில காய்ச்சுறது கிருமி செத்த சரக்கு இல்லை. பெருசாச் சுட்டது, ஆழமாச் சுட்டது, மூஞ்சி, கண்ணு, கைப்பிள்ளை, கரண்ட் அடிச்சது, ஆசிட் பட்டது, இதுக்கெல்லாம் உன் டப்பாவை நீட்டினா நானே உன்னைப் போலீசுல பிடிச்சுக் குடுப்பேன். சுட்ட உடனே இருபது நிமிசம் ஓடுற தண்ணி, அதுக்குக் காசு வாங்க முடியாதுங்கிறதுதான் உன் வியாபாரத்துக்கு நட்டம்.

போ, நல்லபடியாக் காய்ச்சு. நாவப்பழ நிறத்துல வந்தா உங்க ஆத்தாகிட்டக் காட்டு. மண்ணு நிறமாப் போச்சுன்னா கொட்டிராதே, இங்க கொண்டா. நம்ம மாட்டுக்கொட்டாய்க் கதவு ரொம்ப நாளா கிறீச்சுங்குது.