மேசைக்கு மேலே

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
குடியுரிமைப் பிரிவு,
உள்துறை அமைச்சகம், பிரிட்டன்.

பொருள்: குழந்தை – குராய்டனில் பிறந்தது – வயது மூன்று – பிரிட்டிஷ் குடிமகளாகப் பதிவு செய்தல் – கட்டணம் – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் 1981, பிரிவு 1(3).

ஐயா / அம்மையீர்,

வருவாய்த்துறையில் காலம் முழுவதும் சான்றிதழ் கொடுத்தே பிழைத்தவன் நான். இருப்பிடம், வருமானம், சாதி, வாரிசு என்று நான் குறிப்பு எழுதாத மனு கிடையாது. அந்த மிதப்போடுதான் ஓய்வு பெற்றேன். போன வாரம் என் மகள் உங்கள் எம்.என்.1 படிவத்தையும் அதற்கான வழிகாட்டிக் குறிப்புகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அப்பா, நீங்க பார்க்காத ஃபார்மா? ஒரு தடவ படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். படித்தேன். மிதப்பு இறங்கிவிட்டது. இது தொழில் தெரிந்தவன் தன்னைவிடப் பெரிய தொழில்காரருக்கு எழுதும் பாராட்டுக் கடிதம். தயவுசெய்து புகார் என்று எண்ணி எந்தக் கோப்பிலும் கட்டி வைத்துவிட வேண்டாம்.

விவரம் பின்வருமாறு. மகளும் மாப்பிள்ளையும் வேலை விசாவில் வந்து குராய்டனில் குடியிருக்கிறார்கள். பேத்தி பிறந்தபோது இருவருக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்திருக்கவில்லை. ஐந்தாண்டு முடிந்து அது கைக்கு வந்த பிறகு பேரன் பிறந்தான். அதே ஊர், அதே ஆஸ்பத்திரி, அதே தாய் தகப்பன். பேரன் பிறந்த நொடியிலேயே பிரிட்டிஷ்காரன். படிவமும் இல்லை, கட்டணமும் இல்லை. மூன்று வருஷமாக அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, எங்களோடு வீடியோவில் பேசும்போதுகூட "நோ, பாட்டி" என்று அந்த ஊர் ராகத்திலேயே மறுத்துப் பேசும் பேத்தி மட்டும் மனுதாரர். உங்கள் லூனார் ஹவுஸ் அலுவலகக் கட்டடத்தைத் தள்ளுவண்டியில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்து வளர்ந்த குழந்தை அவள். தம்பி இன்னும் குப்புறக்கூட விழவில்லை.

எங்கள் வீடுகளில் மூத்ததின் சட்டை இளையதுக்குப் போகும். இளையதின் குடியுரிமை மூத்ததுக்கு வராது என்பதை என் மனைவிக்குப் புரிய வைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே?" என்பதே அவள் ஆட்சேபணை. வயிறு உங்கள் சட்டத்தில் ஆவணமாகாது, பெற்றவர்கள் கையில் அந்தத் தேதியில் என்ன காகிதம் இருந்தது என்பதே கணக்கு என்று சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

1982 டிசம்பர் 31 வரை உங்கள் நாட்டில் பிறந்தாலே போதும். அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர எல்லாக் குழந்தைகளும் உங்கள் குழந்தைகள். மறுநாள் விடிந்ததும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்து, பிறந்த மண் மட்டும் போதாது என்றாகிவிட்டது. இதில் உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் நாடும் 1987 ஜூலை 1 முதல் அதையே செய்தது. 2004 டிசம்பரில் இன்னும் ஒரு சுற்று இறுக்கியது. கதவைச் சாத்துவதில் இரண்டு தேசமும் ஒரு பள்ளியில் படித்தவைதான். கட்டணத்தில்தான் எங்களை எட்ட முடியாத தூரத்துக்கு நீங்கள் போய்விட்டீர்கள்.

எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் ஒரு வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் கேட்கிறவர்கள் கேட்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதுவும் எப்படி? ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மேசைக்கு அடியில். அதற்கே லஞ்ச ஒழிப்புத் துறைக்காரர்கள் பினாப்தலின் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, ஆளைப் பிடித்து, கரைசலில் கையை முக்கச் சொல்வார்கள். கரைசல் ரோஜா நிறமானால் அவர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

நீங்களோ மேசைக்கு மேலேயே வாங்குகிறீர்கள். 2018 முதல் ஒரு குழந்தையைப் பதிவு செய்ய 1,012 பவுண்டு வாங்கினீர்கள். அந்தக் கோப்பை நகர்த்த உங்களுக்கு ஆகும் செலவு 372 பவுண்டு என்று நீங்களே கணக்குச் சொன்னீர்கள். மீதி 640 பவுண்டு குடியேற்றத் துறையின் மற்ற செலவுகளுக்குப் போனது என்பதையும் மறைக்கவில்லை. பொடியும் வேண்டாம், கரைசலும் வேண்டாம். இணையதளத்தில் கார்டு எண்ணைத் தட்டினால் ரசீது வருகிறது. எங்கள் ஆட்களுக்கு இந்த வழி தெரிந்திருந்தால் எத்தனை பேர் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

இத்தனைக்கும் பிரிவு 1(3) உங்கள் தயவை நம்பி நிற்கும் பிரிவு இல்லை. அங்கே பிறந்த குழந்தையின் தாயோ தகப்பனோ பின்னால் நிரந்தர உரிமை பெற்றால், பதினெட்டு வயதுக்குள் மனுச் செய்யும் அந்தக் குழந்தைக்குப் பதிவு பெறும் உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. உரிமையுள்ள பொருளை உரியவருக்கே இலாபம் வைத்து விற்பது சாமானிய வித்தை இல்லை. 2018இல் உங்கள் உள்துறைச் செயலாளராக இருந்த சாஜித் ஜாவித்கூட நாடாளுமன்றக் குழுவின் முன் இது பெரிய தொகைதான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி.

வழக்கும் போட்டார்கள். குழந்தைகளின் நலனைக் கருதாமல் கட்டணம் வைத்தது சட்டவிரோதம் என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. மறு ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இவ்வளவு வாங்க நாடாளுமன்றமே அதிகாரம் கொடுத்திருக்கிறது, தொகை சரியா என்பது அரசியல் விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டது. இந்த இடத்தில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்து ரசித்தேன். முதல் இரண்டு நீதிமன்றங்களும் குழந்தைகளின் நலனைக் கருதச் சொல்லியிருந்தன. நீங்களும் உட்கார்ந்து கருதினீர்கள். கருதி முடித்து, 2022இல் அதே தொகையை அப்படியே வைத்தீர்கள். 2023 அக்டோபர் 4ஆம் தேதி அதை 20 சதவீதம் ஏற்றி 1,214 பவுண்டு ஆக்கினீர்கள். எங்கள் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். "பரிசீலிக்கப்பட்டது" என்று கோப்பில் எழுதி மூடும் கலை எங்களிடம்தான் உச்சத்தில் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூன் முதல் அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கட்ட வழியில்லாத குடும்பங்கள் விலக்குக் கேட்கலாம். கேட்க வேண்டுமானால் வரவு, செலவு, வாடகை, வங்கிக் கணக்கு என்று வறுமையை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். அதைப் படித்தபோது ஏதோ சொந்த அலுவலகத்துக்குள் திரும்ப நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு.

பரிந்துரைக்க இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் ஆசிரியர், சுகாதார ஊழியர், சமயகுரு என்று தொழில் முறையில் குழந்தையோடு பழகியவராக இருக்க வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடியுரிமை வந்தபின் முதல் பாஸ்போர்ட்டுக்கு யார் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்ற பட்டியல்தான் சுவையானது. மதுக்கடை உரிமம் வைத்திருப்பவர் போடலாம். ஈமச்சடங்கு நடத்திக் கொடுப்பவர் போடலாம். குழந்தைக்கு ஊசி போடும் டாக்டர், குடும்ப நண்பராகவும் இருந்தால் ஒழியப் போடக் கூடாது. பச்சை மை அதிகாரியைத் தேடிச் செருப்புத் தேய்ந்த தேசத்தவன் நான். டாஸ்மாக் மேற்பார்வையாளருக்கு அந்தக் கௌரவத்தைக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பத்து வயதானால் நன்னடத்தையையும் பார்ப்பீர்கள் என்று அறிகிறேன். பேத்திக்கு அது இப்போது பொருந்தாது. ஆனால் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில், நிரந்தர உரிமைக்கான ஐந்தாண்டுக் காத்திருப்பைப் பொதுவாகப் பத்தாக்கும் உத்தேசத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் இனி வருகிறவர்களுக்கு முதல் ஆண்டில் பிறக்கும் குழந்தை, பெற்றோரின் காகிதம் வருவதற்குள் பத்து வயதை நெருங்கிவிடும். அங்கேயே பிறந்து பத்து வருஷம் வளர்ந்த குழந்தைக்கு உங்கள் சட்டத்திலேயே தனி வழி ஒன்று இருக்கிறது. எந்த ஆண்டிலும் தொண்ணூறு நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்பனும் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று, யார் முதலில் பிரிட்டன்வாசி ஆவது என்று போட்டி போடலாம். பாட்டி வீட்டு விடுமுறையைப் பெரியவர்கள் நாள்காட்டியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்து வேலையும் உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. உங்கள் சான்றிதழ் வந்ததும் பேத்தியின் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திரும்ப ஒப்படைத்து, ஓ.சி.ஐ. அட்டைக்கு இன்னொரு மனுப் போட வேண்டும். மன்னார்குடிக்கு வரும்போது அவள் அயல்நாட்டவர். இதற்கு உங்களிடம் அழுது பயனில்லை. அது எங்கள் மேசை.

கடைசியாக ஒரு சந்தேகம். மனு நிராகரிக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று போட்டிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஒருவர் இருந்தார். மேசைக்கு அடியில் வாங்குவதில் சூரர். ஆனால் காரியம் முடியவில்லை என்றால் சாயங்காலமே மனுதாரரின் வீடு தேடிப் போய், வாங்கியதை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். "வேலை நடக்கலைன்னா காசு எதுக்கு? பாவம் இல்லையா?" என்பார். அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தோம். அது சரிதானா என்று தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: இல்லை. பாராட்டுக் கடிதத்துக்குக் கட்டணம் உண்டா என்பது வழிகாட்டிக் குறிப்புகளில் காணப்படவில்லை.