சந்தா கட்டிய காருக்கே சத்தியம்

லேப் டைம் பார்க்கும் விலைகூடிய டிரான்ஸ்பாண்டரின் துல்லியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. காரில் பூட்டிய அந்தச் சின்னப் பெட்டி ஓயாமல் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே ஓடும். முடிவுக்கோட்டில் தாருக்கு அடியில் புதைத்த கம்பி அதைக் கேட்கும். சிக்னல் உச்சம் தொட்ட கணத்தை ஓரத்திலுள்ள டிகோடர் குறித்துக்கொள்ளும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கார் அதற்குள் நகர்வது ஐந்தரை சென்டிமீட்டர்தான்.

1997-இல் ஸ்பெயினின் ஹெரேஸில் நடந்த ஃபார்முலா 1 தகுதிச்சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்ஸன் மூவரும் 1:21.072 என்று ஒரே நேரத்தைப் பதித்தார்கள். முதலில் பதித்தவர் என்பதால் வில்நெவுக்கு முதலிடம். அப்படிப்பட்ட நாளுக்கு வேண்டிய நுட்பத்தை, பழைய எஸ்டீம் காரைத் தட்டிக்கொட்டி ஓட்டவரும் கிளப் பந்தயக்காரருக்கும் குறைவின்றித் தருகிறார்கள். முன்னால் போனவர் மூன்று நொடி முன்னால் போயிருந்தாலும் சரி, மூன்றாம் தசமம் தவறாது. விலையிலும் அதே சமநோக்கு.

அதன் நாணயம் இன்னும் உயர்ந்தது. சந்தாவில் ஓடும் வகைகளைப் பாருங்கள்: பேட்டரி நன்றாக இருக்கும், சர்க்யூட் நன்றாக இருக்கும், தவணை முடிந்ததும் வாய் மூடிவிடும். சொன்ன தேதி சொன்ன தேதிதான்.

நாமே செய்துகொள்ளும் மலிவுப் பெட்டிக்கு இந்தப் பெருமை எதுவும் கிடையாது. காரில் டிவி ரிமோட்டில் இருக்கும் அதே அகச்சிவப்பு எல்இடி, அதே 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு, கோட்டுக்கு மேலே குறுக்குச் சட்டத்தில் சில ரிசீவர்கள், ஒரு மைக்ரோகன்ட்ரோலர். வெயில் பட்டால் ரிசீவர் தடுமாறும். குழாய்க்குள் பொருத்திக் கீழ்நோக்கிப் பார்க்கவைக்க வேண்டும். 200 கி.மீ. வேகத்தில் இரண்டு மீட்டர் அகலப் பார்வையைக் கார் 36 மில்லி நொடியில் கடந்துவிடும். பத்து மில்லி நொடியில் முடியும் எண்ணாக இருந்தால் அதற்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிவிடலாம். பக்கத்துக் காரின் எண்ணோடு மோதாமலிருக்க, இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். (குறுக்கே ஓர் ஒளிக்கற்றை மட்டும் வைத்தால் ஜோடியாக வரும் இரண்டு கார் ஒன்றாகிவிடும், அது தனியாகப் பயிற்சி எடுக்கத்தான் சரி.)

கடிகாரம்தான் பலரும் பயப்படும் இடம். சாதாரண போர்டிலுள்ள செராமிக் ரெசனேட்டர் அரை சதவீதம் பிசகலாம். 100 நொடி லேப்பில் அரை நொடி. ஆனால் எல்லாக் காரையும் அளப்பது கோட்டோரத்து ஒரே கடிகாரம். பிசகினாலும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பிசகும், யார் முந்தினார் என்பது மாறாது. நேரமும் சரியாக வேண்டுமென்றால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் கிறிஸ்டல் போதும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு என்றால், அதே லேப்பில் இரண்டு மில்லி நொடி.

இத்தனை பாடு விலைகூடிய பெட்டிக்கு இல்லை. தன் கம்பெனி டிகோடரைத் தவிர வேறெதற்கும் பிடிகொடுக்காத விசுவாசம் அதற்கு. சந்தா கட்ட முடியாதவர் எவ்வளவு வேகமாகக் கோட்டைக் கடந்தாலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அவர் பெயரில் தவறாக எழுதியதில்லை, எழுதியதே இல்லை.